வடவானத்துச் சிவப்பு

2024ஆம் வருஷம் மே மாதம் 10ஆம் தேதி இரவு, லடாக்கில் ஹான்லே என்னும் மலைக் கிராமத்தில், கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிலையத்தார் நிறுவியிருக்கும் காமிராக்கள், வடக்கு அடிவானத்தில் செக்கச்செவேலென்று ஒரு பிரகாசத்தைப் பதிவு செய்தன என்ற செய்தியை வாசித்தபின், சாத்தூரில் வசிக்கும் நானும் மறுநாள் இரவு மொட்டைமாடிக்கு ஏறி வடதிசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1872 பிப்ரவரி 4ஆம் தேதி பம்பாய் நகரத்தார் தங்கள் ஊரிலேயே துருவ ஒளியைக் கண்டதாக அக்காலத்துப் பத்திரிகை எழுதியிருக்கிறது. பம்பாய்க்கு வாய்த்தது சாத்தூருக்கு வாய்க்கலாகாது என்று எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லை என்பதே என் எண்ணம்.

சாஸ்திரம் விதித்திருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. சூரியன் வாரி இறைக்கும் மின்துகள்களைப் பூமியின் காந்தம் துருவங்களின் பக்கமாகத் திருப்பிவிடுகிறது. ஆகவே அந்த ஒளி காந்தத் துருவங்களை வளையமிட்டுத்தான் எரியும். நம் ஊருக்குத் தெற்கே, திருநெல்வேலிச் சீமையிலோ, காந்த நடுக்கோடு மிக அருகில் போகிறது. அதை ஆராய்வதற்கென்றே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் அங்கே கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. காந்த ஊசியைத் தடையில்லாமல் தொங்கவிட்டால், துருவத்தில் செங்குத்தாக நிற்பது இங்கே ஏறக்குறைய மட்டமாகவே கிடக்கும். துருவ ஒளியைக் காண்பதற்குப் பூமியில் எந்த இடம் மிகமிகத் தகுதியற்றது என்று ஒருவன் உருண்டையைச் சுழற்றித் தேடினால், அவன் விரல் வந்து நிற்கக்கூடிய இடங்களில் எங்கள் ஜில்லாவும் ஒன்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: பகல் வேளைகளில் நம் தலைக்கு மேலே சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெரிய மின்னோட்டம் நதியாகப் பாய்ந்துகொண்டிருக்கிறது. வடதேசத்தில் பச்சை ஒளி எரிகிற உயரமும் ஏறக்குறைய அதுவேதான். நம்முடைய நதி மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் காட்டாது.

ஹான்லே விஷயத்தை என் அண்டைவீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பட்டாசு ஆலையொன்றில் நெடுங்காலம் போர்மேனாக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். படத்தைக் காட்டியதும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "செவப்புன்னா ஸ்ட்ரான்சியம்லா அண்ணாச்சி" என்றார். பேன்சி ரகத்தின் மணி மருந்தில் ஸ்ட்ரான்சியம் சேர்த்தால் சிவப்பு, சோடியம் சேர்த்தால் மஞ்சள், தாமிரம் சேர்த்தால் நீலம். பச்சைக்குப் பேரியம், அதை உச்ச நீதிமன்றம் விலக்கியதிலிருந்து அந்தப் பெயரை எடுத்தாலே அவருக்குக் கோபம் வந்துவிடும். வானத்தில் இந்த உப்பு எதுவும் கிடையாது, நாம் சுவாசிக்கிற பிராணவாயுதான் என்றேன். அவர் நம்பவில்லை. "எத்தன செகண்டு நிக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

தொழில் தெரிந்தவருடைய கேள்வி அது. பிராணவாயுவின் அணு ஒன்று அடிபட்டுச் சக்தியேறிய பிறகு, அந்தச் சிவப்பை வெளியிடுவதற்குச் சராசரியாக 110 விநாடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் வேறோர் அணு வந்து இடித்துவிட்டால் சக்தி இடித்ததற்குப் போய்விடும், வெளிச்சம் இல்லை. காற்று அடர்ந்திருக்கும் கீழ்வானத்தில் இத்தனை நேரம் இடிபடாமல் இருக்க முடியாது. 200 கிலோமீட்டருக்கு மேலே, அணுக்கள் ஒன்றையொன்று சந்திப்பதே அபூர்வமான இடத்தில்தான் அது கைகூடும். பச்சைக்கு அவ்வளவு பொறுமை வேண்டாம், ஒரு விநாடிக்கும் குறைவு. ஆகையால் அது கீழே எரிகிறது. தொலைவிலுள்ள ஹான்லேக்குச் சிவப்பு மட்டும் தெரிந்ததற்கும் அந்த உயரமே காரணம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தீ புடிச்சு ரெண்டு நிமிசம் சும்மா கெடந்தா, நம்ம ஊர்ல அதுக்கு நமுத்த மருந்துன்னு பேரு. கிட்டப் போயிராதீங்க."

நள்ளிரவில் அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூடலூர் கிழார் நினைவு வந்துவிடுகிறது. யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்காக ஐங்குறுநூற்றைத் தொகுத்துக் கொடுத்த புலவர் அவர். அந்த அரசன் இறப்பதற்கு ஆறு நாள் முன்பு வானத்திலிருந்து ஒரு மீன் விழக் கண்டு, இதனால் அரசனுக்குத் தீங்கு வருமோ என்று மற்றப் பரிசிலரோடு சேர்ந்து அஞ்சி, ஏழாம் நாள் அஞ்சியபடியே நடந்துவிட்டதைப் பாடியிருக்கிறார். புறநானூற்றில் 229ஆம் பாட்டு. யானை துதிக்கையை நிலத்தில் போட்டுக் கிடந்தது, முரசு உருண்டது, வெண்குடை கால் ஒடிந்தது, குதிரைகள் ஓய்ந்து நின்றன என்று வரும் அந்தப் பகுதியைப் புலமையாளர்கள் எல்லாரும் பாராட்டுவார்கள். என்னைப் பிடித்து நிறுத்துவது அதற்கு முந்திய பகுதி. மீன் விழுந்தது என்று சொல்லுமுன், அது பங்குனியின் முற்பாதி, நள்ளிரவு, உத்திரம் உச்சியிலிருந்து சாய்ந்துவிட்டது, எதிரே மூலம் எழுந்து நிற்கிறது, மிருகசீரிடம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்கிறார். விழுந்தது கிழக்கே போகவில்லை, வடக்கேயும் போகவில்லை என்று திசையையும் விடாமல் சொல்கிறார். நெஞ்சு நடுங்கிக்கொண்டிருக்கும்போதே கண் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறது! சகுனத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. குறிப்பெழுதியவரை விழுந்து கும்பிடத் தயார்.

அந்தப் பரம்பரையில் வந்தவர்களென்று நான் கருதுவது, 1859ஆம் வருஷம் பம்பாய்க் கொலாபாவின் காந்த நிலையத்தில் முறை பார்த்த சிப்பந்திகளை. செப்டம்பர் 1ஆம் தேதி இங்கிலாந்தில் காரிங்டன் என்னும் வானியலறிஞர் சூரியனில் ஒரு வெண்பிழம்பைக் கண்டார். மறுநாள் முற்பகல் 11 மணி சுமாருக்குக் கொலாபாவில் காந்த விசை 1,600 நானோடெஸ்லா அளவுக்குச் சரிந்தது. பட்டப்பகல், வானத்தில் பார்க்கத்தக்க அதிசயம் ஒன்றுமில்லை. அவர்களோ மணிக்கொரு முறை அளவெடுக்கும் வழக்கத்தை விட்டு, சில நிமிஷங்களுக்கு ஒரு முறை கருவியைக் கண்ணால் பார்த்துப் பார்த்து எழுதி வைத்தார்கள். உலகமெல்லாம் வானத்து வர்ணங்களை வியந்துகொண்டிருக்க, அந்தக் காந்தப் புயலின் பலத்தைக் கணிக்க 2003இல் விஞ்ஞானிகள் தேடி எடுத்தது அந்த ஏட்டைத்தான்.

இப்போது எங்கள் பக்கத்தில் வசதியுள்ள இளைஞர்கள் துருவ ஒளி பார்க்க நார்வேக்குப் போகப் பணம் சேர்க்கிறார்கள். போகட்டும், தடுப்பதற்கு நான் யார்? ஆனால் புயல் புறப்படும் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கூடம் ஒன்று சாத்தூருக்கு வடமேற்கே, ஒரு பகற்பயணத் தூரத்தில் இருக்கிறது. கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் 1899இல் ஏற்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் 1909இல் அங்கிருந்துதான் கண்டுபிடித்தார். நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கோடைக்கானலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஏரியில் படகு விட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது அந்தக் குன்றுக்கும் ஏறி அங்குள்ள காட்சிசாலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.