வெண்பாவின் அடுக்களை

தள்ளுபடிக் காலத்தில் கணினி விளையாட்டுகளை வாங்கிக் குவிக்கும் கடலூர், சிதம்பரம் இளைஞர்களுக்கு ‘வெண்பா’ என்னும் பெயரே வியப்பூட்டும். இது யாப்பிலக்கணம் அன்று. டொராண்டோ நகரின் ‘விசை கேம்ஸ்’ 2023இல் வெளியிட்ட விளையாட்டு. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்ப்பெண்ணே வெண்பா. அவள் தாய் தந்த சமையல் குறிப்பேடு சிதைந்துள்ளது. அழிந்த வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் ஆக்குவதே ஆட்டம். கத்தரிக்காய்க் கொத்சு மணக்கும் சிதம்பரத்து வீட்டில் வளர்ந்தவரும் இட்லித்தட்டை அடுக்கத் தெரியாமல் தடுமாறக்கூடும். உண்ட பழக்கம் மட்டும் போதுமா?

பின்னர் ஆட்டம் மகன் கவினின் கைக்கு மாறுகிறது. அரைகுறைத் தமிழறிந்த அவனுக்கு அக்குறிப்பேடு முழுமையாகப் புரிவதில்லை. வெடியும் வேட்டையும் மிகுந்த ஆட்டங்கள் தராத அச்சம் இங்கே எழுகிறது. தமிழ் நன்கறிந்த ஆட்டக்காரரும் அச்சிறுபொழுதில், ஒரு சொல்லின் பொருளுக்காகத் தாயை நாடும் மகனாகவே திரையின்முன் அமர்ந்திருக்கிறார்.