பழைய வண்டிக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

ஆக்ஸ்ஃபோர்டு

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன வாரம் தொலைபேசியில் நீங்கள் கேட்டதற்கு அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. “ஐம்பது வருசத்து வண்டி. வாங்கின காசு போகட்டும். அதுக்கு மேல எவ்வளவு போடப் போறே, எங்கே நிறுத்துவே?” என்று கேட்டீர்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. பலர் பாதிப் பணம் கரைந்த பிறகுதான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் இன்று எம்.ஜி. என்றால் 2019-இல் வந்த ஹெக்டர்தான் நினைவுக்கு வரும். என்னுடையது எம்.ஜி.பி. நான் இருக்கும் ஊருக்குத் தெற்கே சுமார் பத்து கிலோமீட்டரில் உள்ள அபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து அனுப்பினார்கள். 1980 அக்டோபரில் அந்தத் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். என் வண்டி 1972-இல் வந்தது. இரண்டே இருக்கை, மடக்கும் துணிக்கூரை, 1,798 சிசி என்ஜின். அந்த என்ஜின் உங்களுக்கு அந்நியமானதல்ல. பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ் அது. நம் அம்பாசடரில் பல காலம் ஓடிய 1,489 சிசி என்ஜினும் அதே குடும்பம்தான். அம்பாசடருக்கு வால்வு கிளியரன்ஸ் வைத்துப் பழகிய உங்கள் கை, இந்த பானட்டைத் திறந்தால் தடுமாறாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நன்றாக ஓடும் எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் ஒன்றுக்கு இங்கே சுமார் 10,000 பவுண்டு கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் 8,500-க்கு வாங்கினேன். அதே வண்டியைக் கழற்றிப் பிரித்து, தொழில்முறைப் பட்டறையில் முழுக்கப் புதுப்பித்தால் செலவு 30,000 பவுண்டைச் சுலபமாகத் தாண்டும். பட்டறைக் கூலியே மணிக்கு 60, 70 பவுண்டு. போட்டது திரும்பி வராது. சந்தை விலையை மட்டும் பார்த்தால் பழைய வண்டியை யாருமே தொடக்கூடாது. ஆகவே சந்தை விலையை வைத்து என் செலவை நான் தீர்மானிக்கவில்லை. திரும்பி வராது என்று முதலிலேயே எழுதிவிட்டு, போனாலும் வீட்டுக் கடனையும் மகள் படிப்பையும் அம்மா மருத்துவத்தையும் தொடாத தொகை எதுவோ அதுதான் என் எல்லை என்று வைத்துக்கொண்டேன். அது 7,000 பவுண்டு, நம் கணக்கில் ஏறத்தாழ எட்டு லட்சம். என் மனைவியோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்த தொகை.

எல்லையைப் போடுவது எளிது. அதற்குள் எதை முதலில் செய்வது என்பதில்தான் பணம் தப்புகிறது, அல்லது தொலைகிறது. என் நம்பிக்கை இதுதான்: தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி ஓடியதோ அந்த நிலைக்கு வண்டியை முதலில் கொண்டுவர வேண்டும். பிறகு ஒரு கோடைக்காலம் முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கப்புறமும் உறுத்துவது எதுவோ அதற்கு மட்டும்தான் மேம்பாடு என்ற பேரில் காசு போடலாம். அப்படி விற்கும் சாமான்களில் பலவற்றை ஜனங்கள் வாங்குவது, தேய்ந்துபோன பாகம் தரும் தொல்லைக்கு மருந்து என்று நினைத்துத்தான்.

ஸ்டியரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது திருப்பக் கை வலிக்கிறது என்று எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் கிட் வாங்குகிறார்கள். எம்.ஜி.பி.யின் முன் சக்கரங்கள் கிங்பின்னில் திரும்புபவை. 3,000 மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் அடிக்க வேண்டும். வருடக்கணக்கில் அடிக்காமல் விட்டால் இறுகிப்போகும். என் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் பாரத்தை எடுத்துவிட்டு, கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினோம். முதலில் எதுவும் போகவில்லை. நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி அழுத்தியதும், காய்ந்து கறுத்த பழைய கிரீஸ் புழு மாதிரி மெல்ல வெளியே வந்தது. அதன் பின்னால் புது கிரீஸ் வந்தது. அன்று மாலையே ஸ்டியரிங் பாதிப் பாரம் குறைந்துவிட்டது. பவர் ஸ்டியரிங் கிட்டின் விலையில் ஒரு துளிகூடச் செலவாகவில்லை.

மற்றவையும் இப்படித்தான். மேடு பள்ளத்தில் வண்டி துள்ளுகிறது என்று, லீவர் ஷாக் அப்சார்பரைத் தூக்கி எறிந்துவிட்டு நவீன டெலஸ்கோப் வகையை மாட்டுகிறார்கள். பழையதில் ஆயில் இருக்கிறதா என்று திறந்து பார்ப்பதில்லை. வேகம் போதவில்லை என்று கேம் ஷாஃப்ட் மாற்றுகிறார்கள். இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரின் ஸ்பிண்டில் தேய்ந்து காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும். வயரிங் முழுக்க மோசம் என்று லூகாஸ் கம்பெனியைத் திட்டுகிறார்கள். பாதி நேரம் குற்றம், துரு ஏறிய எர்த் இணைப்பில்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் விளக்கு பளிச்சென்று எரியும். தேய்ந்ததைச் சரி செய்யாமல் மேலே புதிதாக ஒன்றை மாட்டுவது, அஸ்திவாரம் பார்க்காமல் மாடி எழுப்புவது போலத்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது துரு. இங்கே குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையெல்லாம் உப்பு தூவுவார்கள். பழைய வண்டிக்கு அதுதான் எமன். எம்.ஜி.பி.க்குத் தனி சேஸிஸ் கிடையாது. அதற்கு முந்தைய எம்.ஜி.ஏ.வுக்கு இருந்தது. இதில் பாடியேதான் சேஸிஸ். கூரை இல்லாத ரோட்ஸ்டரில், வண்டியை நடுவில் மடங்காமல் தாங்குபவை கதவுக்குக் கீழே ஓடும் இரண்டு சில்கள். உள் தகடு, நடுத் தகடு, வெளித் தகடு என்று மூன்று அடுக்கு. வெளித் தகடு முன் மட்கார்டுக்கும் பின் மட்கார்டுக்கும் அடியில் புகுந்து போகும். சரியாக மாற்ற வேண்டுமானால் அந்த மட்கார்டுகளின் கீழ்ப்பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பி, அழுகிய சில்லின் மேலேயே ஒரு புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து விற்றவர்கள் இந்த நாட்டில் ஏராளம்.

என் வண்டியிலும் அப்படித்தான் செய்திருந்தார்கள் என்பதைப் பட்டறைக்காரர் கண்டுபிடித்த விதத்தை நான் மறக்க மாட்டேன். கதவை மூடச் சொன்னார். கதவின் பின் விளிம்பில் மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவாக இருப்பதைக் காட்டினார். பிறகு ஜாக்கியை வைத்து ஒரு பக்கத்தை மெதுவாகத் தூக்கினார். மேல் இடைவெளி கண்ணெதிரே சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் கதவு பிடித்துக்கொண்டு திறக்கவே இல்லை. நல்ல சில் இருந்தால் அந்த இடைவெளி அசையக்கூடாது. பளபளவென்ற பெயிண்டுக்கு உள்ளே வண்டி மடங்கிக்கொண்டிருந்தது என்று அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்தது. அந்த இரண்டு சில்களுக்கு மட்டும் 3,000 பவுண்டு ஒதுக்கினேன். வெளியே யார் கண்ணிலும் படாத செலவு. ஆனால் விபத்து என்று வந்தால் என்னையும் பக்கத்தில் இருப்பவரையும் காப்பது அதுதான்.

பாடி முழுக்கப் போய்விட்டிருந்தால் வேறு வழியும் உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் 1988 முதல் எம்.ஜி.பி.க்குப் புத்தம் புதிய பாடியே செய்து விற்கிறது. இங்கே பக்கத்தில் விட்னி என்ற ஊரில்தான் இருக்கிறார்கள். ஆனால் வெறும் பாடிக்கே, ஓடும் ஒரு முழு வண்டிக்கான பணம் கேட்கும். அந்த நிலைக்குப் போன வண்டியை வாங்காமல் இருப்பதே லாபம்.

சட்டமும் எல்லை போடுகிறது. நம் ஊர் எஃப்.சி. மாதிரி இங்கே வருடாவருடம் எம்.ஓ.டி. என்ற சோதனை. 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்குச் சாலை வரி கிடையாது. 2018 மே மாதத்திலிருந்து அவற்றுக்கு எம்.ஓ.டி.யும் கட்டாயமில்லை. ஒரே நிபந்தனை, கடந்த 30 ஆண்டுக்குள் வண்டியைப் பெரிய அளவில் மாற்றியிருக்கக் கூடாது. சிலிண்டர் எண்ணிக்கை வேறான என்ஜினை இறக்கினால் சலுகை கைவிட்டுப் போக வாய்ப்பு அதிகம். எட்டு சிலிண்டர் ரோவர் என்ஜினைப் போடச் சொல்லி ஆசை காட்டியவர்களுக்கு நான் கும்பிடு போட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சலுகை இருக்கிறதே என்று சோதனையை நான் விடவில்லை. 55 பவுண்டுக்குள், வேறொருவர் கண் வண்டியின் அடிப்பாகத்தைப் பார்க்கிறது. அதைவிட மலிவான காப்பு எதுவும் இல்லை. இன்ஷூரன்ஸ்காரர்களும், செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் எழுத்தில் கேட்பார்கள். மறைத்தால் கடைசியில் பணம் வராது.

சில்லுக்கு அடுத்தபடியாக 1,000 பவுண்டு பிரேக்குக்கும் டயருக்கும் பெட்ரோல் குழாய்க்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரத்தையும், அடுத்த இரண்டு வருடத்தையும் காட்டும். என் டயரில் கட்டை நிறைய இருந்தும், அந்த எண்ணைப் பார்த்தவுடன் நான்கையும் மாற்றினேன். ரப்பர் வயதால் இறுகிவிட்டால் மழைச் சாலையில் பிடிமானம் இருக்காது. பெட்ரோல் குழாய்க்குக் காரணம் வேறு. 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதைத் தாங்காது. எத்தனாலுக்கு ஏற்ற குழாயாக மாற்றிவிட்டேன். எத்தனால் குறைந்த சூப்பர் பெட்ரோலைத்தான் போடுகிறேன். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் இங்கே நின்றுவிட்டது. நல்லவேளை, அதற்கு ஏற்றபடி முந்தைய உரிமையாளர் சிலிண்டர் ஹெட்டில் கடினப்படுத்திய வால்வு சீட் போட்டு வைத்திருந்தார்.

அடுத்த 600 பவுண்டு கிங்பின், புஷ், ஷாக் அப்சார்பர் வேலைக்கு. இவ்வளவும் முடித்து ஒரு கோடைக்காலம் ஓட்டினேன். அப்போதும் என்னை உறுத்தியவை இரண்டே இரண்டு.

ஒன்று, மோட்டார்வே வேகத்தில் என்ஜினின் இரைச்சல். மணிக்கு 70 மைலில் ஏறத்தாழ 3,900 சுற்று சுற்றுகிறது. தொழிற்சாலையே அந்நாளில் வாங்குபவரின் விருப்பத்துக்கேற்பப் பொருத்திக் கொடுத்த ஓவர்டிரைவ் இருந்தால் அது 3,200-க்குப் பக்கத்தில் இறங்கும். மாஸ்டா எம்.எக்ஸ்-5 வண்டியின் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்தும் கிட்டும் கிடைக்கிறது. ஆனால் விலை பல மடங்கு. நான் ஓவர்டிரைவ் கியர்பாக்ஸுக்கு 1,000 பவுண்டு வைத்தேன். இந்த வண்டியில் கியர்பாக்ஸை எடுக்க என்ஜினையும் சேர்த்துத்தான் வெளியே இழுக்க வேண்டும். ஆகவே கிளட்சையும் அதே நேரத்தில் மாற்றிவிட்டேன். ஒரு தடவை பிரித்தால் அங்கே தேய்ந்திருக்கும் எல்லாவற்றையும் முடித்துவிடுவது, நம் பட்டறைகளில் நீங்கள் கற்றுக்கொடுத்த பாடம்தானே.

இரண்டாவது, முன்விளக்கின் மங்கல். மின்சாரம் முழுக்க ஸ்விட்ச் வழியாகப் போவதால் வழியிலேயே குறைந்துவிடுகிறது. இரண்டு ரிலே வைத்ததும் வெளிச்சம் கூடிவிட்டது, ஸ்விட்சும் சூடாவதில்லை. செலவு சில பவுண்டுகள்தான்.

மீதி 1,400 பவுண்டைத் தொடவில்லை. தகட்டை வெட்டும்போது உள்ளே என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லையில் ஐந்தில் ஒரு பங்கையாவது இப்படி ஒதுக்காதவர்கள்தான், வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, வண்டியைத் தார்ப்பாய்க்கு அடியில் வருடக்கணக்கில் கிடத்துகிறார்கள். பெரிய சக்கரம், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், தோல் இருக்கை எல்லாம் என் பட்டியலிலிருந்து போய்விட்டன. ஒவ்வொன்றும் நல்ல பொருள்தான். ஆனால் அவை தீர்க்கும் குறை எதுவும் என் வண்டியில் இல்லை.

உங்கள் சிங்காநல்லூர்ப் பட்டறைக்கு வரும் பழைய வண்டிக்காரப் பையன்களிடம் இதையே சொல்லுங்கள் அண்ணா. புதுச் சாமான் பட்டியலோடு வந்தால், முதலில் தேய்ந்ததைச் சரி செய்து, கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது அந்தப் பட்டியல் பாதியாகிவிடும். மிஞ்சிய பாதிக்குத் தாராளமாகச் செலவு செய்யட்டும். அதுதான் அந்த வண்டிக்கு உண்மையாகத் தேவைப்பட்ட பணம்.

அன்புடன்,
உங்கள் தம்பி