அண்டாவுக்குள் ஈயம்

முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில்தான் கல்யாணச் சமையல் பாத்திரங்களுக்கு ஓய்வு. ஈயம் பூசுகிறவருக்கோ அப்போதுதான் கை ஓயாத வேலை. கும்பகோணத்தில் ஒரு சந்தின் கோடியில், தகரக் கொட்டகைக்குக் கீழே பித்தளை அண்டாக்களும் தவலைகளும் கவிழ்ந்து கிடந்தன. பெரியவர் ஒன்றைப் புரட்டிக் காட்டினார். பழைய ஈயம் தேய்ந்து ஆங்காங்கே பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

“இதுக்குப் பூசி மாளாது சார். அடி மாத்தணும்.”

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளியும் உப்பும் நாள்பட அரிக்கும்போது துத்தநாகம் முந்திக்கொண்டு கரைந்துவிடும். மிஞ்சுவது நுண்துளை விழுந்த செம்பு. பார்வைக்கு முழுசாக இருக்கும், பாரம் தாங்காது.

செம்பைப் புளி மட்டும் தனியாக ஒன்றும் செய்துவிடாது. கூடவே ஆக்ஸிஜனும் வேண்டும். கொதிக்கிற சாம்பாரிலிருந்து கரைந்த காற்று வெளியேறிவிடுகிறது. ஆகவே அடுப்பில் இருக்கும் நேரத்தைவிட, பந்தி முடிந்து ஆறிப்போன மிச்சம் இரவு முழுக்கப் பாத்திரத்தில் கிடப்பதுதான் ஆபத்து. காலையில் விளிம்பில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும்.

பெரியவரின் மனைவி தேங்காய் நாரும் செங்கல் பொடியும் போட்டு ஒரு தவலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தொழிலில் பாதி வேலை இதுதான். கூலி பேசும்போது யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. கழுவிய தவலை கரி அடுப்புக்குப் போனது. துருத்தி மூலையில் தூசி படிந்து கிடக்க, கரியை ஊதுவது இப்போது மின்சார ப்ளோயர். பெரியவர் இடுக்கியால் தவலையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். பதம் வந்ததும் ஒரு சிட்டிகை நவச்சாரம். குப்பென்று வெண்புகை எழுந்தது. நான் இருமினேன். அவர் இருமவில்லை; அது அவர் நுரையீரலுக்கு நல்ல சேதியென்று எனக்குத் தோன்றவில்லை.

நவச்சாரம் சூட்டில் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. பின்னது பித்தளையின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடைத் தின்றுவிட, சில வினாடிகளுக்கு உலோகம் அம்மணமாக நிற்கும். அதற்குள் ஈயக் கட்டியைத் தொட்டு இழுத்துவிட வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும். பஞ்சுத் திரணையால் அவர் ஒரு சுற்று துடைத்தார். உள்பக்கம் முழுக்க வெள்ளியாகிவிட்டது. சூடு கொஞ்சம் ஏறினாலும் ஈயம் மஞ்சளடித்துவிடுமாம். அடுப்பை அளக்க அவரிடம் கருவி எதுவும் இல்லை.

பூச்சு கீறினால்? வெள்ளீயம் செம்பைவிட எளிதில் அரிபடும் உலோகம். கீறல் விழுந்த இடத்தில் தன்னைக் கொடுத்துச் செம்பைக் காக்கப் பார்க்கும். அதே ஈயம் பிஸ்கட் டின்னின் இரும்புத் தகட்டில் இருந்தால் கதை தலைகீழ். அங்கே இரும்புதான் இளைத்தவன். கீறல் விழுந்த இடத்தில் ஈயம் தப்பிக்க, இரும்பு துருப்பிடிக்கும்.

வெள்ளீயத்தில் காரீயம் கலப்பதைப் பற்றிக் கேட்டேன். காரீயத்தின் விலை வெள்ளீயத்தின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அது புளியில் கரைந்து ரசத்தோடு வயிற்றுக்குள் போகும். குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் பாதிக்கும். பெரியவர் பதில் சொல்லாமல் ஒரு மெல்லிய ஈயக் கம்பியை என் காதருகே வைத்து வளைத்தார். கரகரவென்று முனகியது. உள்ளே படிகங்கள் சட்டென்று திசை மாறி இரட்டைப் படிகங்களாகப் புரள்கிற சத்தம் அது. “காரீயம் பேசாது சார்.”

அக்பரின் அரண்மனையில் அரசருக்குச் சமைக்கும் செப்புப் பாத்திரங்களுக்கு மாதம் இருமுறை ஈயம் பூசியதாக அபுல் பசல் ஆயினி அக்பரியில் எழுதியிருக்கிறார். இந்த அண்டாக்களுக்கு வருஷம் ஒருமுறை நடந்தால் அதிகம். எவர்சில்வர் வந்து இந்தத் தொழிலை விழுங்கியதென்பார்கள். உண்மைதான். ஆனால் எவர்சில்வரையும் காப்பது மேலே படர்ந்திருக்கும் ஒரு படலமே. அந்த எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் உண்டு. அது காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடாகப் படர்கிறது. கீறினால் தானாகவே மறுபடி மூடிக்கொள்கிறது. பித்தளையின் படலத்தை மூட ஒரு மனிதர் புகைக்கு முன்னால் உட்கார வேண்டியிருக்கிறது. வேலை போனது அந்த வித்தியாசத்தில்தான். போனதற்காக முழுக்க வருந்த என்னால் முடியவில்லை.

சாயங்காலம் சமையல் கான்ட்ராக்டரின் ஆள், இருபது வயதுப் பையன், குட்டியானை வண்டியோடு வந்தான்.

“தம்பி, கம்பி நார் போட்டுத் தேய்க்காதே. வெறும் பாத்திரத்தை அடுப்புல ஏத்தாதே, ஈயம் ஓடிடும். மிச்ச ரசத்தை ராத்திரியே வேற பாத்திரத்துல மாத்திடு.”

“சரிங்க ஐயா” என்றபடியே பையன் அண்டாக்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு அடுக்கத் தொடங்கினான்.

“டேய், நடுவுல சாக்கு போடுடா! கீறுது பாரு!”