மரத்தால் ஆன வால்வெள்ளி

நாற்பது ஆண்டுகளைப் பத்திரிகைத் தொழிலில் கழித்த ஒருவன், ஓய்வுபெற்ற பின்னர் மரத்துண்டைச் சீவிக்கொண்டிருப்பதைக் கண்டு நண்பர்கள் வியக்கிறார்கள். சிலர் அனுதாபமும் கொள்கிறார்கள். நினைவுக் குறிப்புகளை எழுதினால் என்ன என்பது அவர்களுடைய ஆலோசனை. எழுதாமலும் இல்லை. ஆனால், காலை வேளையில் இரண்டு மணித்தியாலம் தச்சு மேசைக்கே உரியது. அங்கே இப்போது ஒரு பந்தய விமானம் உருப்பெற்று வருகிறது.

டி ஹவிலண்ட் கொமெட், டி.எச்.88 என்பது அதன் பெயர். கொமெட் என்றால் வால்வெள்ளி. மெல்பேர்ணின் நூற்றாண்டை ஒட்டி, மக்பேர்சன் றொபர்ட்சன் என்ற இனிப்புப்பண்ட வணிகரின் பரிசோடு நடைபெற்ற இங்கிலாந்து - அவுஸ்திரேலிய விமானப் பந்தயத்துக்கென்றே அது படைக்கப்பட்டது. ஒன்று 5,000 பவுண் என்ற விலையில் மூன்று விமானங்களுக்குக் கட்டளை கிடைத்தது. முதல் விமானம் 1934 செப்டெம்பர் 8ஆம் திகதி பறந்தது. பந்தயம் தொடங்கியதோ ஒக்டோபர் 20இல். இடையில் இருந்தவை ஆறே வாரங்கள்.

மில்டன்ஹோலில் புறப்பட்டவர்கள் பக்தாத், அலகாபாத், சிங்கப்பூர், டார்வின், சார்ள்வில் ஆகிய இடங்களில் கட்டாயம் தரிக்க வேண்டும். சார்ள்ஸ் ஸ்கொட்டும் டொம் காம்பல் பிளக்கும் செலுத்திய 'குரோஸ்வெனர் ஹவுஸ்' என்ற சிவப்பு விமானம், ஓர் எஞ்சினின் எண்ணெய் அழுத்தம் வழியிலே வீழ்ந்துவிட்ட போதிலும், 71 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் மெல்பேர்ணை அடைந்து வென்றது. கப்பலில் ஒரு மாதத்துக்கும் மேற்பட்ட பயணம் அது.

என்னைக் கவர்ந்தது அந்த வேகம் மட்டுமன்று. அவ்வேகத்தைத் தாங்கியது மரம் என்பதே. வேகத்துக்காக இறக்கையை மெல்லியதாக்கினார்கள். மெல்லிய இறக்கைக்குள் வலுவான சட்டகம் வைக்க இடம் போதாது. ஆகவே பாரத்தை இறக்கையின் தோலே சுமக்கும்படி, ஸ்புரூஸ் மரப்பட்டிகளை ஒன்றுக்கொன்று எதிர்ச்சாய்வாக இரண்டு அடுக்குகளாக ஒட்டினார்கள்.

நான் எடுத்துக்கொண்ட அளவு இருபத்து நான்கில் ஒன்று. ஓர் அடிக்கு அரை அங்குலம். 44 அடி இறக்கை 22 அங்குலமாகிறது. 29 அடி உடல் பதினான்கரை அங்குலமாகிறது. ஸ்புரூஸுக்குப் பதிலாக மலைவேம்பு. சிங்களத்தில் லுனுமிதெல்ல என்பார்கள். வீட்டுக் கூரையின் உட்புறப் பலகைக்குப் பயன்படும் இலேசான மரம். உளியால் பருவெட்டாகச் செதுக்கி, அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டிய அட்டை மாதிரிகளை வைத்துப் பார்த்து, எஞ்சியதை அரத்தாளால் தேய்க்க வேண்டும். மேடுபள்ளம் கண்ணுக்குத் தப்பினாலும் விரல் நுனிக்குத் தப்பாது.

எனக்குக் கிடைத்த இரண்டு வரைபடங்கள் மூக்கின் வளைவில் ஒத்துப்போகவில்லை. இது எனக்குப் பழக்கமான சங்கடம். ஒரே சம்பவத்தில் இறந்தோரின் தொகையை மூன்று தரப்பு மூன்று விதமாகச் சொன்ன இரவுகளை ஆசிரிய பீடத்தில் கண்டவன் நான். அப்போது செய்ததையே இப்போதும் செய்கிறேன். முரண்படுவனவற்றை அருகருகே வைத்து, மூன்றாவது சான்றைத் தேடுகிறேன். பழைய ஒளிப்படங்களில், அளவு நிச்சயமாகத் தெரிந்த ஒரு பாகத்தைக் கொண்டு மற்றதைக் கணிக்கிறேன். ஒரு வளைவுக்கு மூன்று நாட்கள் சென்றன. அச்சுக்குப் போகும் நேரம் என்று எவரும் அவசரப்படுத்தாதது பெரிய ஆறுதல்.

சுழலிகளின் கூர்முனையில் ஒரு சிறு வட்டத் தகடு உண்டு. புறப்படுமுன் சைக்கிள் பம்பினால் சுழலிக்குள் காற்றடித்து அலகுகளின் கோணத்தை அமைப்பார்கள். வேகம் கூடியதும் எதிர்க்காற்று தகட்டை அழுத்த, உள்ளிருந்த காற்று வெளியேறி, அலகுகள் நெடும் பயணத்துக்குரிய கோணத்துக்குத் திரும்பும். பறக்கும்போது பழைய நிலைக்கு மீட்க வழியில்லை. அந்தத் தகட்டையும் செய்துவிட்டேன்.

அதிக நேரத்தை நான் செலவிட்டது எவருக்கும் தெரியாத ஓரிடத்தில். விமானி அறையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள் உள்ளன. 1938 மார்ச்சில் ஆர்தர் கிளவுஸ்டன் இதே விமானத்தில் இங்கிலாந்திலிருந்து நியூசிலாந்துக்குப் பறந்து, பதினொரு நாட்களுக்குள் திரும்பியும் வந்தார். உடன் சென்றவர் விக்டர் றிக்கெற்ஸ். 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகையின் விமானத்துறை நிருபர். செய்தியைப் பிறர் சொல்லக் கேட்டு எழுதாமல், செய்திக்குள்ளேயே ஏறி அமர்ந்த மனிதர்.

கொமெட்டில் பெற்ற மரவேலை அனுபவம் டி ஹவிலண்ட் நிறுவனத்துக்குப் பின்னர் மொஸ்கிட்டோ போர் விமானத்தில் கைகொடுத்தது. அதன் உடல், ஒட்டுப்பலகைகளுக்கு இடையே பல்சா மரம் வைத்து அமைக்கப்பட்டது. போர்க்காலத்தில் றிக்கெற்ஸ் விமானப்படையில் சேர்ந்து, எதிரியின் நிலங்களை வானிலிருந்து படம்பிடிக்கும் பிரிவில் மொஸ்கிட்டோ ஓட்டினார். 1942 ஜூலையில் சென்றவர் திரும்பவில்லை.

அவர் இறந்தது படைவீரராக, நிருபராக அன்று. இருப்பினும் அவரைப் பற்றி வாசித்த அன்று என்னால் வேறெதுவும் செய்ய முடியவில்லை. குறிப்பேட்டோடு புறப்பட்டுத் திரும்பாதவர்கள் எங்கள் நாட்டிலும் உண்டு. அவர்களில் சிலரோடு ஒரே மேசையில் தேநீர் அருந்தியிருக்கிறேன். அவர்களுடைய பெயரில் வந்த செய்திகள் எல்லாம் மறுநாளே பழைய கடதாசி ஆகிவிட்டன.

அசல் 'குரோஸ்வெனர் ஹவுஸ்' இங்கிலாந்தின் ஓல்ட் வோர்டனில், ஷட்டில்வேர்த் சேகரிப்பில் பேணப்படுகிறது. என்னுடையதற்கு இனிச் சிவப்பு வர்ணம் பூச வேண்டும். 34 என்ற வெள்ளைப் பந்தய இலக்கத்தையும் எழுத வேண்டும். காண்பவர்கள் வென்ற இருவரைக் கேட்பார்கள், சொல்வேன். இரண்டாவது இருக்கையைப் பற்றிக் கேட்பவருக்கு இன்னொரு கோப்பை தேநீரும் கிடைக்கும்.