'அகோஸ்தோ' சொல்லும் செய்தி

இத்தாலி நாட்டுக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், கற்றுக்கொள்ள வேண்டிய சொற்களுள் ஒன்று 'அகோஸ்தோ'. ஆகஸ்ட் மாதத்திற்கு இத்தாலியர் வழங்கும் பெயர் அது. அம்மாதம் 15-ஆம் நாள் அங்கே 'ஃபெர்ரகோஸ்தோ' என்னும் விடுமுறைத் திருநாள். அதனையொட்டிப் பல கடைகள் பூட்டிக் கிடக்கும். மக்கள் கடற்கரைகளையும் மலைகளையும் நாடிச் சென்றிருப்பர்.

முன்னர் இம்மாதத்திற்கு 'ஆறாவது' எனப் பொருள்படும் செக்ஸ்டிலிஸ் என்பதே பெயர். கி.மு. 8-இல் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. எகிப்தியர் கூறும் 'அகஸ்துஸ்', நாம் கூறும் 'ஆகஸ்ட்' ஆகியவற்றுக்கும் அதுவே வேர்.

ஆயினும், தென்னித்தாலியில் ஃபோஜா நகருக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லூச்சேராவில் இச்சொல்லைக் கேட்டால் நம் நெஞ்சம் கனக்கும்.

827-இல் சிசிலித் தீவில் இறங்கிய முஸ்லிம்கள் 831-இல் பலெர்மோவை வென்றனர். பின்னர் நார்மானியர் ஆட்சி வந்தது. அவர்தம் அரசவையில்தான் அறிஞர் அல் இத்ரீஸி 1154-இல் தமது புகழ்பெற்ற புவியியல் நூலை நிறைவு செய்தார். 13-ஆம் நூற்றாண்டிலோ, பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் சிசிலி முஸ்லிம்களின் கிளர்ச்சியை அடக்கி, அவர்களைக் கடல் கடந்து லூச்சேராவில் குடியேற்றினார்.

பிறந்த மண்ணை இழந்த அம்மக்கள் மார்க்கத்தை இழக்கவில்லை. பள்ளிவாசல் எழுப்பினர், நிலத்தை உழுதனர், தம்மைப் பெயர்த்த அதே பேரரசரின் படையில் வில்வீரர்களாகவும் பணியாற்றினர்.

1300-ஆம் ஆண்டு, அகோஸ்தோ மாதம்! மன்னர் இரண்டாம் சார்லஸின் ஆணையால் அக்குடியிருப்பு அழிக்கப்பட்டது. ஆண், பெண், குழந்தை என்று பாராமல் பெருந்தொகையினர் அடிமைகளாக விற்கப்பட்டனர். பாங்கொலி கேட்ட ஊரில் பேராலயம் எழுந்தது.

குன்றின் மீதுள்ள கோட்டை மதில்களை இன்றும் நீங்கள் காணலாம். காலம் மாறியது, அதே நாட்டின் தலைநகரான ரோமில் 1995-இல் பெரிய பள்ளிவாசல் ஒன்று திறக்கப்பட்டது. அங்கே தொழுபவர்கள் பல நாடுகளிலிருந்தும் வந்தவர்கள்.

வாசகர்களே! ரோமுக்குச் செல்வோர் பெரும்பாலும் லூச்சேராவை எட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் சென்றால், அந்த மதிலோரம் சற்றே நில்லுங்கள். கப்றுகூட அறியப்படாத அம்மக்களுக்காகக் கையேந்தி துஆச் செய்யுங்கள். வல்ல ரஹ்மான் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக! ஆமீன்.