தலையில் இருந்தது காலுக்குப் போச்சு!

வள்ளூரிலிருந்து பஸ் மாறி கும்மிடிப்பூண்டி போய், ஒரு கம்பெனிக்கு மெஷின் கையேடு டிசைன் செய்து கொடுத்தேன். உதிரிபாகப் பட்டியல் மட்டுமே ஒன்பது பக்கம். பக்கத்துக்குப் பக்கம் 'அட்டவணை 4 (தொடர்ச்சி)' என்று ஒரு வரி சேர்த்து, கையாலேயே டைப் அடித்தேன். கடைசி ராத்திரி மேனேஜர், "நாலு அயிட்டம் வேணாம் தம்பி, எடுத்துடுங்க" என்றார். எடுத்தேன். அப்படியே பிரஸ்ஸுக்கும் அனுப்பினேன்.

தலையில் இருந்த 'தொடர்ச்சி'யெல்லாம் முந்தின பக்கத்தின் காலடியில் கிடந்தது. பில்லில் பாதி கட்!

பி.காமில் பேரேட்டுப் பக்கம் முடிந்தால் 'சி/எஃப்', அடுத்த பக்கத் தலையில் 'பி/எஃப்' என்று மூன்று வருஷம் எழுதினவன் நான். அதை கம்ப்யூட்டரே செய்யுமா என்று கேட்கத் தோன்றவில்லை, பாருங்கள்.

செய்யும். இன்டிசைனில் 'தொடர்ச்சி' வரியை ஹெடர் ரோவாக்கி, 'ஸ்கிப் ஃபர்ஸ்ட்'டை டிக் செய்தால் போதும். முதல் பக்கத்தை விட்டுவிட்டு மற்ற பக்கங்களில் தானே வந்து உட்காரும். ஃப்ரேம்மேக்கரில் இதற்கென்றே ஒரு வேரியபிள் உண்டு.

இரண்டாம் பதிப்புக்கும் என்னையே கூப்பிட்டார்கள் (பாதி ரேட் பழகிவிட்டது போல!). ராத்திரி பத்து மணிக்கு போன். "தம்பி, இன்னும் ரெண்டு அயிட்டம்..."

"பத்தே எடுங்க சார்!" என்றேன்.