சேன் ழான் நெருப்பு

எங்களுக்குப் பாடமெல்லாம் பிரெஞ்சில். வாத்தியார் வாசிக்க வாசிக்க நாங்கள் எழுதும் 'திக்தே' வகுப்பில் ஒருநாள் சேன் ழான் நெருப்பு வந்தது. ஜூன் மாதம் ஊரார் கூடி விறகு அடுக்கிக் கொளுத்தி, சுற்றி ஆடுவார்களாம். கத்திரி முடிந்தும் புழுக்கம் விடாத புதுச்சேரி ஜூனில் எவனாவது நெருப்பு மூட்டுவானா என்று கடைசி பெஞ்சில் சிரித்தோம். எனக்கு அன்று ஏழு பிழை.

அந்த நெருப்பை நேரில் பார்த்தது 2016-ல். ரென் நகருக்கு வெளியே ஒரு கிராமத்தில் மகன் குடியிருக்கிறான். மருமகள் பிரெத்தாஞ் பெண். அங்கே இந்த நெருப்புக்கு 'தான்தாத்' என்று அவர்கள் மொழியில் தனிப்பெயரே உண்டு. கிறிஸ்தவம் வருமுன்பே கோடை உச்சியில், பகல் மிக நீளும் நாட்களில், ஐரோப்பாவில் நெருப்பு மூட்டுவார்கள். பிற்பாடு ஜூன் 24 ஸ்நாபக அருளப்பர் பிறந்தநாள் ஆனதும் நெருப்புக்கும் அவர் பெயர் வந்துவிட்டது. பதினான்காம் லூயி 1648-ல், பத்து வயது நிரம்பாத ராஜாவாக, பாரிசில் ரோஜா மாலை சூடிக்கொண்டு இதைக் கொளுத்தியிருக்கிறார். அதெல்லாம் இருக்கட்டும்.

ஜூன் 23 அந்த வருஷம் வியாழக்கிழமை. மறுநாள் பேத்திக்குப் பள்ளிக்கூடம். மகனுக்கு அரையாண்டுக் கணக்கு முடிக்கும் வாரம், மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசையிலேயே கணினி. பக்கத்துப் பண்ணைக்காரருக்கு அறுத்த புல் வயலில் கிடக்கிறது, மழை வருமுன் கட்டியாக வேண்டும். யாருக்குமே நேரமில்லாத வாரம்தான்.

"நீ வேலையப் பாருடா, குழந்தைய நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்றேன்.

"கணக்கு எங்கப்பா ஓடிடப் போகுது" என்று கணினியை மூடினான்.

எனக்குச் சுருக்கென்றது. காரணம் சொல்கிறேன்.

அவனுக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு போகி. பழைய பாய், முறம், தேய்ந்த துடைப்பம் எல்லாம் ஒரு வாரமாகச் சேர்த்து, மேளத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, "நாலு மணிக்கு எழுந்துடுவீங்களாப்பா" என்று கேட்டபடியே தூங்கினான். அந்த வாரம் ஆபீசில் ஆடிட். பேரேட்டில் ஏழு ரூபாய் சொச்சம் இடித்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து இரவு இரண்டு மணிவரை தேடினேன். கண் விழித்தபோது வெயில் ஏறிவிட்டது. பெரியவர் இல்லாமல் நெருப்பு வைக்கக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். பிள்ளை மேளத்தை மடியில் வைத்தபடி திண்ணையில் தூங்கிப் போயிருந்தான். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன். அடுத்த வருஷம் என்ன செய்தோம், நினைவில்லை. ஏழு ரூபாய் கிடைத்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அங்கே ஜூனில் பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. அதற்குப் பிறகே பற்றவைத்தார்கள். பண்ணைக்காரர் டிராக்டரில் நேராக வயலிலிருந்து வந்தார், தலைமுடியெல்லாம் புல். ஆள் உயரம் எழுந்த தழல் மெல்லத் தணிந்து கங்கு ஆனதும் இளசுகள் கைகோத்துத் தாண்டினார்கள். மகனும் பேத்தியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒரு தாண்டு தாண்டினான். எனக்கு அடிவயிறு கலங்கியது.

மூச்சு வாங்க வந்து நின்றவன், நெருப்பைப் பார்த்தபடியே கேட்டான்: "அந்தப் பாயை அப்புறம் என்னப்பா பண்ணீங்க?"

என்ன சொல்வது? என் மனைவிதான், "குப்பை வண்டியில போட்டேன்டா" என்றாள்.

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

வீடு திரும்ப ஒரு மணி. எல்லோரும் படுத்துவிட்டார்கள். அவன் மட்டும் சட்டையில் புகை வாசனையோடு மேசைக்குப் போய்க் கணினியைத் திறந்தான். நான் எதிரில் உட்கார்ந்து பட்டியலை வாங்கிக்கொண்டேன். மூன்று மணிவரை நான் பிரெஞ்சில் எண்களை வாசிக்க, அவன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான்.